மச்சான் கையில கயிறு!

ஃப்ரெண்ட்ஸ், ஒரு குட்டி டெஸ்ட்! உங்க காலேஜ் ஃபுட்பால் டீம்ல அதிகமா கோல் போடுறது யாருன்னு கேட்டா டக்குனு பேரைச் சொல்லிடுவீங்க. அவன் எந்த ஹாஸ்டல், எந்த ரூம், எத்தனை அரியர்னு கூட சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். சரி... அந்த டீமோட கோச் பேரு என்ன?

தலையைச் சொறியறீங்க இல்ல? மெதுவா யோசிங்க. அதுக்குள்ள நான் ஒருத்தரைப் பத்திச் சொல்லிடுறேன். கோல் போட்டும் பேர் வாங்கினவர், கோச்சாகவும் பேர் வாங்கினவர். அதுவும் ரெண்டாவது பேர், முதல் பேருக்குக் கொஞ்சமும் சளைக்காத பேர்!

அவர் பிரதீப் குமார் பானர்ஜி. கொல்கத்தாவில் ‘பி.கே.’ என்று ரெண்டு எழுத்து சொன்னாலே போதும், டீக்கடை பெரியவர் கிளாஸைக் கீழே வெச்சுட்டு கதை சொல்ல உட்கார்ந்துடுவார். (அமீர்கான் படம் இல்லீங்க... இது ஒரிஜினல் பி.கே!)

கொல்கத்தா ஃபுட்பால் கோச்சுக்கும் தூத்துக்குடி இன்ஜினீயரிங் ஸ்டூடண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? கயிறுதான் பாஸ் சம்பந்தம்!

கீழே ஒருத்தர், மேலே ஒருத்தர்

எங்க ஊர் திரேஸ்புரம். தூத்துக்குடி டவுனை ஒட்டி வடக்குப் பக்கம், நாட்டுப்படகுகள் வரிசை கட்டி நிக்கிற கடற்கரை. முத்துநகர்னு ஊருக்குப் பேர் இருந்தாலும், இங்கே கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதுக்கப்புறம் கடலுக்கடியில் இருக்கிற முத்துப் பார்களில், குளிப்பு நடத்துற அளவுக்குச் சிப்பி சேரவே இல்லை. ஆனா சங்குக்குளி இன்னைக்கும் நடக்குது. அதனால ‘குளிக்கிறது’ன்னா எங்க ஊர்ல ஷாம்பு மேட்டர் இல்லை, வயித்துப் பொழப்பு.

முத்துக்குளிப்பு எப்படி நடந்ததுன்னு பெரியவங்க சொல்லக் கேட்டிருக்கேன். குளிக்கிறவர் கனமான கல்லைக் காலுக்குக் கொடுத்து சர்ருன்னு கீழே இறங்குவார். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு சிப்பியை அள்ளிக் கூடையில் போடுவார். போதும்னு தோணினதும் கயிறை ஒரு இழு இழுப்பார். மேலே படகில் நிக்கிறவர் சட்டுனு தூக்கணும். ஒரு நிமிஷம் தாமதமானா கதை முடிஞ்சது!

அந்தக் கயிறை யார் கையில் கொடுப்பாங்க தெரியுமா? பொண்டாட்டியோட கூடப்பிறந்தவன் கையில்! தங்கச்சி தாலி அந்தக் கயித்துலதானே தொங்குது... மச்சான் விடவே மாட்டான். இது எங்க பக்கம் எல்லாரும் சொல்ற கணக்கு.

இப்போ ஃபுட்பாலுக்கு வாங்க. ஃபார்வர்டு குளிக்கிறவர் மாதிரி. எதிராளி பெனால்டி ஏரியாவுக்குள்ள தனியா இறங்கி, கிடைக்கிற ஒண்ணு ரெண்டு செகண்டுல முத்தை எடுத்துட்டு வரணும். கோச், கயிறு பிடிக்கிற மச்சான். அவர் தண்ணியில இறங்க முடியாது. ஆனா கீழே இருக்கிறவன் மூச்சு எவ்வளவு தாங்கும்னு அவருக்குத் தெரிஞ்சாகணும்.

சிக்கல் என்னன்னா, ரெண்டு வேலைக்கும் வேண்டிய குணம் வேற வேற. நல்ல ஃபார்வர்டு கொஞ்சம் சுயநலக்காரன். ‘பந்தை எங்கிட்ட குடு’ன்னு கத்துறவன். கோச் ஆயிட்டா பந்து அவன்கிட்ட வரவே வராது! அப்படி வராத பந்தோட முப்பது வருஷம் வாழக் கத்துக்கிட்டவர்தான் பி.கே.

ரயில்வே ஸ்டாஃப் சார்!

1936 ஜூன் 23-ல் வங்காளத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில் பிறந்தார் பி.கே. பள்ளிப் படிப்பின் பிற்பகுதி ஜாம்ஷெட்பூரில். 15 வயசிலேயே பீகார் அணிக்காக சந்தோஷ் டிராஃபியில் ரைட் விங்கில் இறங்கிட்டார். நாமெல்லாம் அந்த வயசுல டென்த் ரிசல்ட்டுக்குப் பயந்து கோயில் கோயிலா சுத்தினோம்!

1954-ல் கொல்கத்தாவின் ஆரியன் கிளப். அடுத்த வருஷம் ஈஸ்டர்ன் ரயில்வே. அங்கேதான் ஒரு ஆச்சரியம். கொல்கத்தா ஃபுட்பால்னா ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங்னு மூணு பெரிய கைகள். பெரிய ஆட்டக்காரன்னா ஏதாவது ஒரு சட்டையைப் போட்டே தீரணும். பி.கே. கடைசி வரைக்கும் அந்த மூணு சட்டையையும் போடவே இல்லை. வேலையும் ரயில்வே, ஆட்டமும் ரயில்வே!

அந்த ரயில்வே டீம் 1958-ல் கொல்கத்தா லீக் சாம்பியன் ஆனது. இது எவ்வளவு பெரிய விஷயம்னா, அந்த மூணு கிளப்புகளைத் தவிர வேற ஒரு டீம் அடுத்து அந்த லீக்கை ஜெயிக்க 2019 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. பியர்லெஸ் டீம் ஜெயிச்சது. நடுவுல 61 வருஷம்!

இந்தியாவுக்கு ஆடியதும் சும்மா இல்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் இந்தியா நாலாவது இடம் பிடித்தபோது அந்த டீமில் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் அவர்தான் கேப்டன். ஃபிரான்ஸோடு 1-1 என்று டிரா செய்த மேட்சில் இந்தியாவின் கோல் அவருடையது. ஃபிரான்ஸோட டிரா! இதை இப்போ ஹாஸ்டல்ல சொன்னா ‘வீடியோ கேம்லயா மச்சி?’ன்னு கேக்குறாங்க. 1961-ல் அர்ஜுனா விருது ஆரம்பிச்சப்போ, அதை வாங்கின முதல் ஃபுட்பால் வீரரும் இவர்தான்.

பேக்கை ஃபார்வர்டு ஆக்கின வாத்தியார்

2024-ல் வந்த ‘மைதான்’ படம் பார்த்தீங்கன்னா இந்த இடம் உங்களுக்குத் தெரியும். 1962, ஜகார்த்தா ஏஷியன் கேம்ஸ். கோச் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர், ஸ்கூல் வாத்தியாரா வேலை பார்த்தவர். டீமில் பி.கே., சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம்னு மூணு ஃபார்வர்டு சிங்கங்கள்.

முதல் மேட்சிலேயே தென்கொரியாகிட்ட 0-2 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று ஜெயித்து, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று தாண்டினாங்க. ஃபைனல்ல மறுபடி அதே தென்கொரியா!

ஜர்னைல் சிங்னு ஒரு டிஃபெண்டர். தலையில் அடிபட்டு தையல் போட்டிருந்தார். யாரா இருந்தாலும் ‘ரெஸ்ட் எடுப்பா’ன்னு சொல்லியிருப்பாங்க. ரஹீம் அவரைக் கொண்டுபோய் முன்வரிசையில் சென்டர் ஃபார்வர்டா நிறுத்தினார்! ஃபைனலில் முதல் கோல் பி.கே. அடுத்தது அந்தத் தையல் போட்ட ஜர்னைல். 2-1. தங்கம்! கோல் போஸ்ட்டில் நின்னது யார் தெரியுமா? பீட்டர் தங்கராஜ். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து வந்த நம்மாளு.

அடுத்த வருஷம் ஜூன் மாசம் ரஹீம் புற்றுநோயால் இறந்துட்டார். அதுக்கப்புறம் இந்தியா ஏஷியன் கேம்ஸ் ஃபுட்பாலில் தங்கமே வாங்கலை.

அன்னைக்கு ஜகார்த்தாவில் பி.கே.வுக்குத் தங்கம் மட்டும் கிடைக்கலைன்னு நான் நினைக்கிறேன். ஒரு ஆளோட நம்பர், பொசிஷன் எல்லாத்தையும் தாண்டி, இவனால வேற என்ன முடியும்னு பார்க்கிற ஒரு கண்ணை, பக்கத்துல நின்னு பார்த்திருக்கார்.

ஜப்பான்ல போய் ஸ்கூல்!

காயங்கள் விடாமல் துரத்த, 1967-ல் பி.கே. ஆட்டத்தை நிறுத்தினார். வயசு 31. கையில ரயில்வே வேலை, வீட்டுல மெடல், ரோட்டுல போனா கும்பிடு போட ஜனம். அப்படியே செட்டில் ஆயிருக்கலாம்.

அவர் என்ன பண்ணினார் தெரியுமா? 1969-ல் ஜப்பானுக்குப் போய் ஸ்டூடண்டா உட்கார்ந்தார்! ஃபிஃபா ஆசியாவுக்காக நடத்திய கோச்சிங் கோர்ஸ் அது. வாத்தியார், டெட்மர் கிராமர்னு ஒரு ஜெர்மன்காரர். 1960-ல் இருந்து ஜப்பான் டீமைச் செதுக்கினவர். பின்னாடி 1975, 1976-னு ரெண்டு வருஷம் தொடர்ந்து பேயர்ன் மியூனிக்குக்கு ஐரோப்பியக் கோப்பையே வாங்கிக் கொடுத்தவர்.

யோசிச்சுப் பாருங்க. 1962-ல் ஜப்பானை 2-0 ஜெயிச்ச டீமோட ஸ்டார், ஏழு வருஷம் கழிச்சு அதே ஜப்பானில் நோட்டும் பேனாவுமா உட்கார்றார். ‘நான் யாரு தெரியுமா’ன்னு ஒரு வார்த்தை கூட இல்லாம! ஏன்னா அதுக்குள்ள ஜப்பான் எங்கேயோ போயிருந்தது. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்ஸில் வெண்கலம். அந்தப் போட்டியிலேயே அதிக கோல், 7 கோல் போட்டவர் குனிஷிகே காமமோட்டோங்கற ஜப்பான் ஃபார்வர்டு.

இந்தக் காமமோட்டோவும் பின்னாடி மேனேஜர் ஆனவர்தான். யான்மார் டீமில் 1978-லிருந்து ஆடிக்கிட்டே மேனேஜராவும் இருந்தார். 1980-ல் ஜப்பான் லீக்கையும் ஜெயிச்சார். 1993-ல் ஜே லீக் ஆரம்பிச்சப்போ கம்பா ஒசாகாவின் மேனேஜர் அவர்தான். ஆனா அங்கே கோப்பை எதுவும் கிடைக்கலை. ஜப்பானுக்காக அவர் போட்ட 75 கோலை இன்னைக்கு வரைக்கும் அங்கே எந்த ஆண் ஆட்டக்காரரும் தொடலை. 2025 ஆகஸ்டில் அவர் இறந்தப்போ எல்லாரும் பேசினது அந்த கோல்களைப் பத்தித்தான்.

ஆக, பெரிய ஃபார்வர்டா இருந்தா பெரிய கோச் ஆயிடலாம்னு எந்த கேரண்டியும் இல்லை. அது தனிப் படிப்பு!

பி.கே. பாஸ் ஆயிட்டாரான்னு கேக்குறீங்களா? கோர்ஸ் முடிஞ்ச அடுத்த வருஷமே, 1970 பாங்காக் ஏஷியன் கேம்ஸில் ஜி.எம்.எச். பாஷாவோடு சேர்ந்து இந்திய டீமுக்கு அவர்தான் கோச். வெண்கலத்துக்கான மேட்ச் யாரோட? ஜப்பானோட! 1-0. மெடல் நமக்கு. குருதட்சணையை இப்படியா சார் கொடுப்பாங்க! இந்திய ஆண்கள் டீம் ஏஷியன் கேம்ஸ் ஃபுட்பாலில் வாங்கின கடைசி மெடல் இன்னைக்கும் அதுதான்.

வோக்கல் டானிக்

1972-ல் ஈஸ்ட் பெங்கால் கோச் ஆனார் பி.கே. ஆட்டக்காரனா போடாத சட்டை, கோச்சா வந்து சேர்ந்தது. 1973-ல் வடகொரியாவின் பியாங்யாங் சிட்டி டீமை 3-1 என்று அடிச்சு ஐ.எஃப்.ஏ. ஷீல்டு. 1975 செப்டம்பர் 30-ல் ஷீல்டு ஃபைனலில் மோகன் பகானை 5-0! அஞ்சுக்கு ஜீரோ! அந்த ஸ்கோரை வெச்சு கொல்கத்தாவில் இன்னைக்கும் மாமன் மச்சானைக் கலாய்க்கிறான்.

ட்விஸ்ட் இனிமேதான். அடுத்த வருஷமே பி.கே. மோகன் பகானுக்குக் கோச்! அஞ்சு கோல் வாங்கின அதே வீட்டுக்குப் போய் ‘எழுந்திருங்கடா’ன்னு சொன்னார். 1976 லீக்கில் ஈஸ்ட் பெங்காலோட மேட்ச். விசில் ஊதி 17-வது செகண்டில் முகமது அக்பர் கோல்! மேட்ச் 1-0.

1977 செப்டம்பர் 24, ஈடன் கார்டன். பீலே ஆடுற நியூயார்க் காஸ்மோஸ் டீமோட மோகன் பகான் மோதி 2-2 டிரா. நாலு நாள் கழிச்சு ஷீல்டு ஃபைனலில் ஈஸ்ட் பெங்காலை 1-0. அந்த சீசனில் ஷீல்டு, ரோவர்ஸ், டூரண்ட்னு மூணு கோப்பையும் பகானுக்கே.

இதை எப்படிச் செஞ்சார்? அதுக்கு ஒரு பேரே வெச்சாங்க... ‘வோக்கல் டானிக்’. மேட்சுக்கு முன்னாடியும் இடைவேளையிலும் பி.கே. பேசுற பேச்சு! ஒருத்தனைத் திட்டுவார். ஒருத்தன் தோளில் கை போடுவார். ஒருத்தனுக்கு அம்மாவை ஞாபகப்படுத்துவார். அந்தப் பேச்சுலதான் கால்ல பலம் வந்துச்சுன்னு அவர்கிட்ட ஆடினவங்க பல பேர் பின்னாடி சொல்லியிருக்காங்க.

மருந்து கலக்குறவருக்கு நோயாளியைத் தெரியணும் இல்லையா? எந்தப் பையன் திட்டினா எழுவான், எவன் திட்டினா உடைஞ்சுபோவான்னு தெரியணும். கயிறு பிடிக்கிறவர் வேலையும் அதேதான். ஒருத்தர் மூச்சு மாதிரி இன்னொருத்தர் மூச்சு இருக்காது!

‘ஓட முடியாதவன் பேச்சை எவம்ல கேப்பான்?’

இந்த இடத்துல எங்க அண்ணனைப் பத்திச் சொல்லணும். பெரியம்மா பையன். என்னைவிட நாலு வயசு மூத்தவன். திரேஸ்புரம் மணல்ல அவனை மாதிரி ஒரு ஃபார்வர்டு நான் பார்த்ததில்லை. எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போக மாட்டாங்க. அன்னைக்குப் பூசை முடிஞ்சதும் கடற்கரை பூரா ஃபுட்பால்தான். மணல்ல கால் புதையும். அந்த மணல்லயே நாலு பேரை வெட்டி எடுத்துட்டுப் போவான். தருவை மைதானத்துல புல் தரையில இறங்கினா சொல்லவே வேண்டாம்!

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு டோர்னமென்ட்டில் முட்டி திரும்பிடுச்சு. லிகமென்ட் அறுந்தது. பெரியம்மா செயினை அடகு வெச்சு ஆபரேஷன் பண்ணினாங்க. நடக்குறான், பைக் ஓட்டுறான், வேலைக்குப் போறான். நாட்டுப்படகுக்கு ஐஸ் ஏத்துற வேலை. ஆனா அந்த வெட்டு, அந்த வேகம்... போயிடுச்சு.

தெருவுல சின்னப் பசங்க டீம் ஒண்ணு இருக்கு. ‘அண்ணே, நீ வந்து சொல்லிக்குடு’ன்னு பசங்க கேட்டாங்க. போகலை. நான் கேட்டப்போ ஒரே வரியில முடிச்சுட்டான்.

“ஓட முடியாதவன் பேச்சை எவம்ல கேப்பான்?”

நான் அவனுக்கு பி.கே. கதையைச் சொன்னேன். ஜப்பான், டானிக், 5-0 எல்லாம். முழுசாக் கேட்டான். கேட்டுட்டு மெதுவாச் சொன்னான்: “கதை நல்லாத்தாம்ல இருக்கு. ஆனா அவருக்கு ரயில்வே வேலை இருந்துச்சுல்லா?”

சரியான அடி! இதுக்கு என்கிட்ட மழுப்பலா பதில் இல்லை. உண்மைதானே? மாசம் பொறந்தா சம்பளம் வர்ற ஆளுக்குத்தான் மூணு மாசம் வெளிநாட்டுல போய் கோச்சிங் படிக்க முடியும். அந்தக் காலத்து இந்திய ஃபுட்பாலைத் தாங்கினதே ரயில்வே, ராணுவம், போலீஸ், பேங்க் மாதிரி வேலைகள்தான். இப்போ அந்த வாசல்கள் குறுகிப்போச்சு. அதனால ‘ஆர்வம் இருந்தா போதும் தம்பி’ன்னு யாராவது மேடையில பேசினா நம்பாதீங்க. ஐஸ் கம்பெனிக்கு விடியக்காலைல போகணும்.

ஆனா அண்ணனோட முதல் கேள்விக்குப் பதில் இருக்கு. எவன் கேப்பான்? பி.கே. பேச்சை பகான், பெங்கால் பசங்க கேட்டப்போ, அவர் ஓடிக் காட்டியா ஜெயிக்க வெச்சார்? 1975-ல் அவருக்கு 39 வயசு. அவர் ஓடின காலத்துல அந்தப் பசங்க பாதிப் பேர் அரை டவுசர்! அவங்க கேட்டது, கீழே இறங்கி மூச்சு முட்டினவர் பேசுறார்ங்கறதுக்காகத்தான்.

நம்ம ஊர்லயே ஒருத்தர்

வங்காளத்துக்கு எதுக்குப் போகணும்னு கேக்குறவங்களுக்கு... சைமன் சுந்தர்ராஜ்! தமிழ்நாட்டு ஃபார்வர்டு. 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் பி.கே. கேப்டனா இருந்த அதே டீமில் இருந்தவர்.

கேரளாவுக்கு ஃபுட்பால் பைத்தியம்னு நமக்குத் தெரியும். ஆனா கேரளா முதல் முதலா சந்தோஷ் டிராஃபி ஜெயிச்சது 1973-ல்தான். டிசம்பர் 27, எர்ணாகுளம் மகாராஜாஸ் காலேஜ் கிரவுண்டு. ஃபைனலில் ரயில்வேஸை 3-2. கேப்டன் மணி ஹாட்ரிக்! அந்த டீமோட கோச் யாரு? நம்ம சைமன் சுந்தர்ராஜ். ஹாட்ரிக் அடிச்ச மணியை கேரளாவே கொண்டாடுது, கொண்டாடணும். கோச்சா நின்ன தமிழனை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? முதல் பாராவுல நான் வெச்ச டெஸ்ட் ஞாபகம் இருக்கா!

டானிக் வேலை செய்யாத நாளும் உண்டு

பி.கே.வை சாமியாக்கி மாலை போட நான் வரலை. 1982 டெல்லி ஏஷியன் கேம்ஸ். சொந்த மண், அவர்தான் கோச். கால் இறுதியில் சவுதி அரேபியாகிட்ட 0-1. அவ்வளவுதான், வீட்டுக்கு! கிளப்புகளில் ஓடின மாயம் அங்கே ஓடலை. நாட்டு டீமை மாசக்கணக்குல கேம்ப்ல வெச்சு ஒட்டவைக்கிறதும், தினமும் கூடவே இருக்கிற கிளப் பசங்களைத் தட்டி எழுப்புறதும் வேற வேற வேலை.

ஆனா அவர் கயிறை விடலை. 1991-லிருந்து 1997 வரை ஜாம்ஷெட்பூரில் டாடா ஃபுட்பால் அகாடமியின் டெக்னிக்கல் டைரக்டரா இருந்தார். தான் படிச்ச ஊருக்கே வந்து, மீசை முளைக்காத பசங்களுக்குப் பாடம்!

பிறகு 1997 ஜூலை 13. ஃபெடரேஷன் கப் அரையிறுதி. சால்ட் லேக் ஸ்டேடியம். மோகன் பகான் கோச் அமல் தத்தா. நடுக்களத்தை வைரம் மாதிரி நிறுத்துற அவரோட ‘டைமண்டு’ ஃபார்மேஷன் அந்த சீசன் முழுக்க எல்லாரையும் அரைச்சுத் தள்ளிக்கிட்டிருந்தது. எதிர்ப்பக்கம் ஈஸ்ட் பெங்கால், கோச் 61 வயசு பி.கே. பார்க்க வந்த கூட்டம் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல! நம்ம பெரிய மைதானங்கள் ரெண்டு மூணை ஒண்ணாச் சேர்த்தாத்தான் அத்தனை பேர் உட்கார முடியும்.

ரிசல்ட்? ஈஸ்ட் பெங்கால் 4, மோகன் பகான் 1. வைரம் தூள் தூள்! அதில் மூணு கோல் போட்டது சிக்கிமில் இருந்து வந்த 20 வயசுப் பையன், பாய்ச்சுங் பூட்டியா. அந்த மேட்ச்னா இன்னைக்கும் எல்லாரும் சொல்றது பூட்டியா ஹாட்ரிக். கயிறு பிடிச்சவரை வங்காளிங்க மட்டும் மறக்கலை.

அதே ஜகார்த்தா, அதே மைதானம்

கடைசியா ஒரு கணக்கு. பி.கே.யின் 1970 வெண்கல டீமில் சுபாஷ் பௌமிக்னு ஒரு ஃபார்வர்டு இருந்தார். ஈஸ்ட் பெங்காலிலும் பி.கே.கிட்ட ஆடினவர். அவரும் ஆடி முடிச்சு கோச் ஆனார்.

2003 ஜூலை 26. ஆசியான் கிளப் சாம்பியன்ஷிப் ஃபைனல். தாய்லாந்தின் பெக் டெரோ சசானாவை 3-1 என்று அடிச்சு ஈஸ்ட் பெங்கால் கோப்பையைத் தூக்கியது. கோச், சுபாஷ் பௌமிக். கோல் போட்டவங்கள்ல ஒருத்தர், அதே பாய்ச்சுங் பூட்டியா. நடந்த இடம், ஜகார்த்தா! 1962-ல் ரஹீமோட டீம் தங்கம் ஜெயிச்ச அதே பெரிய ஸ்டேடியம்!

ரஹீம் கையிலிருந்து பி.கே., பி.கே. கையிலிருந்து பௌமிக். 41 வருஷம், ஒரே கயிறு. நடுவுல எத்தனை பேர் முத்து எடுத்துட்டு வந்தாங்க பாருங்க! இவங்கள்ல யாராவது ஒருத்தர் ‘என் ஆட்டம் முடிஞ்சுது, எனக்கென்ன’ன்னு வீட்டுக்குப் போயிருந்தா, அடுத்த ஆள் கைக்குக் கயிறே வந்திருக்காது.

பி.கே. 2020 மார்ச் 20-ல் கொல்கத்தாவில் இறந்தார். வயசு 83. அடுத்த மாசமே சுனி கோஸ்வாமி. 2022-ல் பௌமிக், 2023-ல் பலராம். அந்த ஆட்டங்களை ஆடினவங்க ஒவ்வொருத்தரா போய்க்கிட்டிருக்காங்க.

இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேரு ஃபைனல் இயர் முடிஞ்சதும் ஸ்டட்ஸைக் கழட்டிடுவீங்க. வேலை, இன்டர்வியூ, இ.எம்.ஐ. தப்பே இல்லை. இன்னும் சில பேரு முட்டியோ, வீட்டு நிலைமையோ கெட்டுப்போய் அதுக்கு முன்னாடியே கழட்டியிருப்பீங்க. உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். பத்து வருஷம் ஆடினப்போ எங்கே நிக்கணும், எப்போ மூச்சு விடணும், எவனை நம்பணும்னு நீங்க கத்துக்கிட்டது, கால்ல வேகம் போனாலும் போகாது. அதை வாங்கிக்க ஒரு பத்து வயசுப் பொடியன் உங்க தெருவுலயே நிக்கிறான்.

கோச்சிங்கைத் தொழிலா எடுக்கணும்னா அதுக்கும் படி இருக்கு. அகில இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷன் லைசென்ஸ் கோர்ஸ்கள் நடத்துது. டி லைசென்ஸில் ஆரம்பிச்சு சி, பி, ஏ-ன்னு ஏறலாம். ஆனா மொதல்லயே வேலையை விட்டுட்டு வாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பி.கே.யே விடலையே! வாரத்துல ஒரு நாள் போதும்.

எங்க அண்ணன் இப்போ ஞாயித்துக்கிழமை வர்றான். கோச்சுன்னு கூப்பிட்டா முறைக்கிறான். கவுத்துப் போட்ட படகு மேல உட்கார்ந்து, கையை நீட்டி நீட்டி ‘அங்க போல, அங்க போல’ன்னு கத்துறான். பசங்க போறாங்க. கோல் விழுந்தா மட்டும் அவனுக்கு முன்னாடி அவன் கால் தன்னால ஒரு உதை உதைக்குது!

சரி, ஆரம்பத்துல கேட்டேனே... உங்க காலேஜ் கோச் பேரு? நாளைக்குப் போய்க் கேட்டுட்டு வாங்க. அப்படியே அவர் எந்த பொசிஷன்ல ஆடினார்னும் கேளுங்க. முகம் எப்படி மாறுதுன்னு பாருங்க!